ஆய வந்தவர்கள்

மீன் ஆய்கிறவளுக்குக் கட்டைவிரல்தான் முதல், கத்தி அதற்கப்புறம். செவுளைக் கிள்ளிப்போட்டு, செதிலைச் சுரண்டி, வயிற்றைக் கீறி, உள்ளே விரலை விட்டு ஒரு வளைப்பு வளைத்தால் குடலும் ஈரலும் ஒன்றாகக் கையோடு வந்துவிட வேண்டும், பித்தப்பை மட்டும் உடையக் கூடாது, உடைந்தால் மீன் கசக்கும், வாங்கினவர் நாளைக்கு வேறொருத்தி முன்னால் போய் நிற்பார். இப்போது என் கையில் இருப்பது சங்கரா. கூடையில் இன்னும் பாதி கிடக்கிறது, ஈ மொய்க்கிறது, எதிரே நிற்கிற அம்மா செல்போனைப் பார்த்துக்கொண்டே அவசரம் அவசரம் என்கிறார், ஆகவே கையை நிறுத்தாமலே சொல்கிறேன்.

எங்கள் ஊர் சிப்பித்திட்டு. நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே பஸ்ஸில் வந்தால், ரோடு முடிகிற இடம். இங்கே படகுத்துறைக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து மீன் ஆய்கிறோம். எனக்குப் பக்கத்துப் பலகை குமுதக்காவுடையது. ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்குத் தெரிந்த ஆய்வெல்லாம் இது ஒன்றுதான்.

போன வருஷம் ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கணக்கு வாத்தியார் ஒருவர் கொடுவா ஒன்று வாங்கிவந்து என் பலகையில் வைத்தார். கீறி விரலை விட்டேன். குடல் வரவில்லை. கேரி பேக் வந்தது. விழுங்கின கவர் இல்லை, அப்படி விழுங்கினதை அதற்கு முன்னால் எத்தனையோ எடுத்துப் போட்டிருக்கிறேன். இது முளைத்த கவர், ஒரு முனை தொண்டையோடு ஒட்டி, மறுமுனை கழிவு வாயோடு ஒட்டி, மேலெல்லாம் சிவப்பு நரம்பு பொடிப்பொடியாக ஓடி, நடுவில் நீல எழுத்தில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று அச்சடித்திருந்தது, அந்த எழுத்தின்மேலும் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. மீன் நல்ல கொழுத்த மீன். வாத்தியார் குனிந்து பார்த்தார்.

“குடல் இல்லியாம்மா?”

“இல்லிங்க சார். கவருதான் இருக்கு.”

“நல்லதாப் போச்சு. நாத்தம் இருக்காது” என்று வாங்கிக்கொண்டு போனார்.

அவ்வளவுதான். வானம் இடியவில்லை. பத்து நாளில் பாறைக்கும் வஞ்சிரத்துக்கும் அதே மாதிரி ஆனது, மத்திக்கு ஷாம்பு பாக்கெட் அளவில் ஒரு சின்ன உறை, திருக்கைக்கு சிமெண்டு சாக்கு, நெத்திலிக்கு மிட்டாய்த் தாளின் ஓரம் கிழித்த மாதிரி ஒரு நூல். ஏலம் போடுகிறவர் “குடல் மீனு இந்தப் பக்கம், கவர் மீனு அந்தப் பக்கம்” என்று கத்தத் தொடங்கினார். டவுனிலிருந்து வருகிற பெண்கள் கவர் மீன்தான் வேண்டும் என்றார்கள், ஒரே உருவலில் வயிறு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது, பித்தம் உடைகிற பயமில்லை, சிங்க்கில் ரத்தமில்லை. பஞ்சாயத்தார் கோயில் மைக்கில் அறிவித்தார்கள்: இனிமேல் யாரும் அதைக் கவர் மீன் என்று சொல்லக் கூடாது, சுத்த மீன் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மனுக்கு நன்றி சொல்லிப் பொங்கல் வைத்து, பிரசாதத்தை ஆளுக்கு ஒரு கவரில் கட்டிக் கொடுத்தார்கள். தின்றுவிட்டுக் கவரை எங்கே போட்டார்கள் என்று கேட்க வேண்டாம். நாங்களும் ஒன்றும் யோக்கியம் இல்லை; நாளெல்லாம் உருவின கவரைச் சாயந்திரம் கூடையோடு அள்ளிக்கொண்டுபோய் அலையில்தான் கொட்டினோம். குமுதக்கா கையை உதறிக்கொண்டே சொல்வாள்: “மீனுக்கும் குடலு வேணும்லடி. நாமதான் குடுக்கணும்.”

நானும் சிரித்துக்கொண்டே கொட்டினேன். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வாயில்லை.

தை மாதத்தில் ஒருநாள் மகளை அங்கன்வாடியிலிருந்து இடுப்பில் தூக்கி வந்துகொண்டிருந்தேன். பெயர் மிதுனா, மூன்று வயது. நான் அடி எடுத்துவைக்கும்போதெல்லாம் சரக் சரக் என்று ஒரு சத்தம். சிப்ஸ் பாக்கெட்டைச் சட்டைக்குள் ஒளித்துவைத்திருக்கிறாள் என்று நினைத்து, வழியிலேயே இறக்கி, சட்டையைக் கழற்றி உதறினேன். ஒன்றும் விழவில்லை. அவள் வயிற்றில் கையை வைத்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே சரக் என்றது. எத்தனையாயிரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்த கை இது, இந்தக் கையிடம் வயிறு பொய் சொல்ல முடியாது.

மாமியாரிடம் சொன்னேன். அத்தை காதை வைத்துக் கேட்டுவிட்டு, “பசிச்சா வயிறு சத்தம் போடாம பாட்டா பாடும்? சோத்தப் போடு” என்றார். என் வீட்டுக்காரர் கலைமாறன் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் படகுக்குப் போனார், அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். நர்ஸம்மா குழாயை வைத்துப் பார்த்தார், பிள்ளையை எடை போட்டார், எடை கூடியிருக்கிறது, நன்றாக இருக்கிறாள் என்று அட்டையில் எழுதினார். எடை கூடித்தான் இருந்தது. வயிறு ஊதிக்கொண்டே போனது, கையும் காலும் வத்திக்குச்சியாக மெலிந்துகொண்டே வந்தது, தின்கிற சோறெல்லாம் அந்தக் கவருக்குள்தான் போய்க் கிடந்தது. மீனுக்கு ஒத்துக்கொண்டது என் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதத்துக்குள் இன்னும் ஏழு பிள்ளைகளுக்குச் சத்தம் வந்தது, அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை. தாய்மார்கள் கொட்டகையில் உட்கார்ந்து சத்தத்தை வைத்துப் பெருமை பேசினார்கள்.

“எம்புள்ளைக்கு கனத்த சத்தம். ஜவுளிக்கடை கவரு.”

“ஒம்புள்ளைக்கு ஜவுளிக்கடையா? அது கருவாட்டுக்கடை கவரு மாரில்ல சலசலங்குது.”

“போடி இவளே, ஒன் வீட்ல என்னிக்கி ஜவுளி எடுத்தீங்க?”

அங்கன்வாடி டீச்சர் அந்தப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்திக் குதிக்கச் சொல்லி, ஆண்டு விழாவுக்குப் பாட்டுப்பெட்டி இல்லாமலே ஒரு கோலாட்டம் தயார் செய்தார், சரக் சரக் சரக் என்று தாளம் தப்பாமல் வந்தது, சிறப்பு விருந்தினர் கைதட்டினார், மிதுனா மூன்றாவது குதியில் மயங்கி விழுந்தாள், பிள்ளை வெட்கப்படுகிறது என்று சொல்லி ஓரமாக உட்காரவைத்தார்கள். பஞ்சாயத்தார் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். பிள்ளை வயிற்றைப் பற்றி வெளியாள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது, விட்டால் சுத்த மீன் விலை போகாது, விட்ட வீட்டை ஊர் விலக்கி வைக்கும், தண்ணீர்க்குழாயிலும் கோயிலிலும் அந்த வீட்டுக்கு இடமில்லை.

அப்போதுதான் அந்த ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது. புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் முகப்பை முழுக்க மூடிக் கட்டினார்கள், எங்கள் வீட்டுக் கூரையைவிடப் பெரிசு. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன், குமுதக்கா பக்கத்தில் நின்று கேட்டாள்.

“கடல்... நெகிழி... மாசு.”

“நெகிழின்னா என்னாடி?”

“தெரியலக்கா. மாசுன்னா அழுக்கு. அடுத்தது ஆய்வுத் தேவைகள். அதுக்குக் கீழ கலந்தாய்வு. டாக்டர் நந்தகோபால்னு போட்டுருக்கு. அனைவரும் வருகங்குறாங்க.”

குமுதக்கா தலையில் தட்டிக்கொண்டாள். “புரியலியாடி ஒனக்கு? கடல்ல அழுக்கு. அத ஆயிறதுக்கு ஆளு தேவை. எல்லாரும் கலந்து ஒக்காந்து ஆயணுமாம். கத்திய எடுத்துக்கிட்டு போவோம், சோறு போடுவாங்க.”

எனக்குள் வேறொன்று புரிந்தது. டாக்டர் வருகிறார். ஆய்வதற்கு வருகிறார். மீன் வயிற்றை ஆய நாங்கள் இருக்கிறோம், அதற்கு எதற்கு டாக்டர்? எந்த வயிற்றை ஆய டாக்டர் தேவைப்படுமோ அந்த வயிற்றுக்காகத்தான் வருகிறார், ஊர் மறைத்துவைத்ததை எப்படியோ தெரிந்துகொண்டு, பிள்ளைகளின் வயிற்றை ஆய்ந்து கவரை எடுத்துப்போட்டுவிட்டுப் போக வருகிறார். அன்றைக்கு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் விலக்கினால் விலக்கட்டும், குழாயடியில் வாங்குகிற பேச்சு எனக்குப் புதிதா என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டினேன், எண்ணெய் வைக்கவில்லை, கை வழுக்கும். கறுத்த துணியில் சட்டை போட்டேன், ரத்தம் தெரியாது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, வெறும் வயிறாக இருந்தால் ஆய்கிறவருக்குச் சுலபம் என்பது எனக்குத் தெரியாதா? பசிக்குது பசிக்குது என்று அழுததைத் தோளில் போட்டுக்கொண்டு புயல் கட்டடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். குமுதக்கா உண்மையிலேயே கத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

வெளியூரிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் அவரவர் பெயர், அவர்கள் பெயர் அவர்களுக்கே மறந்துவிடும் போலிருக்கிறது. மேடைக்கு ஒருவர் வருவார், கடலுக்குள் பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது என்பார், கைதட்டுவார்கள். அடுத்தவர் வருவார், எவ்வளவு வருகிறது என்று தெரியாது என்பார், அதற்கும் கைதட்டுவார்கள். எவ்வளவு பொடியாகிறது என்று தெரியாது, எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று தெரியாது, யார் உடம்பில் எவ்வளவு போகிறது என்று தெரியாது, தெரியாததை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் தெரியாது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாது என்றவர் பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்துக் காலடியில் வைத்தார், அது உருண்டது, வாசல்படி இறங்கியது, வாய்க்காலில் விழுந்தது, கடலைப் பார்க்கப் போனது, அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் குறித்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்வதற்கு இவ்வளவு படிப்பு வேண்டுமா? நான் ஆறாவதிலேயே சொல்லிவிட்டேன், அதற்கு முட்டிபோட வைத்தார்கள்.

சொன்ன ஒவ்வொரு தெரியாததையும் ஒரு மேடம் பெரிய தாளில் வரிசையாக எழுதி, பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார். இருபத்திரண்டு வரை வந்திருந்தது. அப்போது மிதுனா மடியில் புரண்டாள். சரக்.

மேடையில் இருந்தவர், நரைத்த தாடி, அவர்தான் டாக்டர் நந்தகோபால், மைக்கில் சொன்னார்: “பின்னாடி யாரும்மா? பிஸ்கட் கவர சத்தம் பண்ணாம பிரிங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். குமுதக்கா விலாவில் இடித்தாள். என் கால் எழுந்துவிட்டது, நாக்கு எழுந்திருக்க நேரமானது.

“பிஸ்கட்டு இல்லிங்க. புள்ள வயிறு. அதான்... ஆயணும் டாக்டர். வெறும் வயித்தோடதான் கொண்டாந்துருக்கேன்.”

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்புத்தான், அதுதான் தாங்க முடியவில்லை. டாக்டர் இறங்கி வந்தார்.

“நான் அந்த டாக்டர் இல்லம்மா. ஊசி போடுற டாக்டர் இல்ல.”

“பின்ன எந்த டாக்டருங்க?”

“படிச்ச டாக்டர். ஆய்வுன்னா ஆராய்ச்சி. மீன் ஆயிறது இல்ல.”

“ஆராஞ்சா கவர எடுத்துருவீங்களா?”

“எடுக்கிறது எங்க வேலை கிடையாதும்மா. எடுக்கணுமா, எடுத்தா என்ன ஆகும், எடுக்காட்டி என்ன ஆகும், இதெல்லாம் முதல்ல ஆராயணும். என்னென்ன ஆராயணும்னு பட்டியல் போடத்தான் இப்ப வந்துருக்கோம்.”

குமுதக்கா கேட்டாள், “அப்ப இன்னும் கத்தியவே தீட்டலங்குறீங்க?”

டாக்டர் பிள்ளை பக்கம் திரும்பினார். மண்டிபோட்டு, என் பிள்ளை வயிற்றில் காதை வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்தது, தன் பிள்ளை முதல் வார்த்தை பேசியதைக் கேட்டவர்போல மலர்ந்தது. “பிரமாதம்” என்றார். “இது நம்ம பட்டியல்லயே இல்ல.” மேடம் எழுதினார்: இருபத்து மூன்று, சிறார் வயிற்று ஒலி, ஆய்வு தேவை. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்னிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், பிள்ளை அழுததால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் திணித்தார்கள், அவள் பிரிக்கத் தெரியாமல் பல்லால் கடித்துத் தாளோடு மென்றாள், வாயில் விரலை விட்டு நான்தான் தோண்டி எடுத்தேன்.

“எப்ப வந்து பாப்பீங்க?” என்று கேட்டேன்.

“ஒரு மூணு வருஷம் ஆகும்மா. ஒப்புதல் வரணும். அதுவரைக்கும் பாப்பாவ வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிறாதீங்க. சாப்பாட்டையும் மாத்திறாதீங்க, என்ன குடுக்குறீங்களோ அதையே குடுங்க. மாத்துனா ஆய்வு கெட்டுரும்.”

நன்றாகத்தான் பேசினார். கும்பிட்டுவிட்டுத்தான் போனார். காறித் துப்ப ஒரு காரணம்கூடக் கொடுக்காமல் போனார், அதனால் நான் காரணமில்லாமலே துப்பினேன்.

ஊர் என்னை விலக்கி வைக்கும் என்று குனிந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். விலக்கவில்லை. டாக்டர் போகிறபோது பஞ்சாயத்தாருக்குச் சால்வை போட்டிருக்கிறார், இது ஆய்வுக் கிராமம் என்று பெயர்ப்பலகை வரும் என்று சொல்லியிருக்கிறார். மறுநாளே மற்ற ஏழு பிள்ளைகளின் தாய்மார்களும் தங்கள் பிள்ளைதான் இருபத்து மூன்று என்று கொட்டகையில் சண்டை போட்டார்கள். கலைமாறன் மட்டும் கேட்டார், “மூணு வருசம் தாங்குவாளா?” அவர் கேட்ட விதத்தில் பதிலும் இருந்தது.

தாங்க மாட்டாள். இடுப்பில் தூக்கினாலே தெரிகிறது, எலும்பும் கவரும்தான்.

அதனால் அவரிடம், படகில் வரும்போது உயிரோடு ஒரு கெளுத்தி கொண்டுவரச் சொன்னேன். கெளுத்திக்கு உயிர் கெட்டி, லேசில் சாகாது. பழைய பெயிண்டு வாளியில் கடல்தண்ணீர் ஊற்றி, மீனை உள்ளே விட்டு, கத்தி இல்லாமல், வாய் வழியாக இரண்டு விரலை விட்டுக் கவரின் நுனியைப் பிடித்து இழுத்தேன். வந்தது. மீன் செத்தது. இரண்டாவதும் செத்தது. குமுதக்கா, “பைத்தியமாடி ஒனக்கு, கொளம்பு வைக்கிற மீன வச்சு ஆஸ்பத்திரி நடத்துற” என்றாள், ஆனால் மூன்றாவது மீனுக்கு வாளியை அவள்தான் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவதை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன், கொஞ்ச நேரம் கூடுதலாக உயிரோடு இருந்தது. எட்டாவதை வயிற்றின் கீழிருந்து கட்டைவிரலால் மேலே தடவிக் கொடுத்துப் பார்த்தேன், கவர் தானாகத் தொண்டைக்கு வந்தது, சந்தோஷத்தில் ஒரே இழுப்பாக இழுத்தேன், செவுளெல்லாம் ரத்தம். பதினொரு மீன் என் அவசரத்தில் செத்தது. தெரியாது என்று சொன்னால் எனக்குக் கைதட்ட ஆளில்லை, அடுத்த மீனை எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

பன்னிரண்டாவதில் பிடிபட்டது. இழுக்கக் கூடாது. பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மீன் மூச்சுக்கு வாயைத் திறக்கும், திறக்கிறபோது மட்டும் அதுவே ஒரு விரற்கடை தள்ளும், அந்த ஒரு விரற்கடையை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும், மூடினால் நிறுத்திவிட வேண்டும், மறுபடி திறக்கிற வரைக்கும் விரல் அசையக் கூடாது, இப்படியே ஒரு பானை சோறு வேகிற நேரம். அது ஒரு பகல் முழுக்க உயிரோடு இருந்தது. பதிமூன்றாவது இன்றைக்கு மூன்றாம் நாளாக வாளியில் நீந்துகிறது. காலையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வயிற்றுத் தோலுக்குள்ளே தலைமுடி கனத்தில் ஒரு சிவப்பு நூல், சுருண்டு சுருண்டு, குடல்தான், புதுக்குடல்.

பிள்ளைக்கும் இதையே செய்யலாமா என்று எனக்குத் தெரியாது. மீன் வேறு, பிள்ளை வேறு. இன்னும் நாளுக்கு ஒன்றாகப் பத்து மீன் பார்த்துவிடலாம், வரிசையாகப் பத்தும் பிழைத்தால் பதினோராம் நாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து வைத்திருக்கிறேன், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் போகவில்லை, நானும் கூட இருக்கிறேன் என்றார். ஆகவே இந்தச் சங்கராவை முடித்து, இந்த அம்மாவை அனுப்பிவிட்டு, பதினான்காவது மீனுக்கு வெந்நீர்...

யாரது, சந்து முனையிலிருந்து கத்துவது அத்தை மாதிரி இருக்கிறதே.

“அஞ்சுகம், ஏ அஞ்சுகம், ஓடியா. புள்ள வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது. தொண்டயிலேர்ந்து வெள்ளையா என்னமோ எட்டிப் பாக்குதுடி, நானே புடிச்சி இழுத்துறட்டுமா?”

இழுக்காதீங்க அத்தை, தொடாதீங்க, அவளே மூச்சு வாங்கட்டும், வாயத் தொறக்குறப்ப மட்டும் ஒரு விரக்கடை, அதுக்கு மேல வேணாம், குமுதக்கா இந்த மீனப் புடி, நான் கையக் கழுவிக்கிட்டு